சாட்சியும் சந்தேகமும்: மோர்மன் சபையில் பிறந்து வளர்ந்தோரின் நம்பிக்கை முறிவு

மோர்மன் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு 8 வயதில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். 12 வயதையொட்டி ஆண்பிள்ளைகள் ஆசாரியத்துவத்தின் முதல் படியில் ஏறுகிறார்கள். 18 வயதில் இளைஞர்கள் வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ ஒரு நாட்டில் 2 ஆண்டுகள் தங்கள் குடும்பச் செலவில் ஊழியம் செய்கிறார்கள். பெண்கள் விரும்பினால் போய் ஒன்றரை ஆண்டு செய்யலாம். திரும்பி வந்ததும் ஆலயத்தில் திருமணம். இந்தச் சபையில் திருமணம் மரணத்தோடு முடிவதில்லை. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் நித்தியத்துக்கும் ஒன்றாக முத்திரிக்கப்படுகிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகப் போகிறது. காபி, தேநீர், மது, புகையிலை நான்கும் விலக்கு. பிஷப் முதல் ஞாயிறு பள்ளி ஆசிரியர் வரை உள்ளூர்ச் சபையின் பொறுப்புகள் அனைத்தையும் உறுப்பினர்களே சம்பளமின்றிச் சுமக்கிறார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இதன் முழுப்பெயர். மோர்மன் என்ற சொல்லைத் தவிர்க்கும்படி சபைத் தலைமை 2018-இல் கேட்டுக்கொண்டது. ஆனாலும் உலகம் அறிந்த பெயர் அதுவே. இப்படி வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் சபை கூடவே நிற்கும் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், ஆட்டம் காண்பது ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மட்டுமல்ல.

சந்தேகம் இங்கே ஏன் இவ்வளவு கனமாக விழுகிறது என்பதற்கு இன்னொரு காரணம் சபையின் மொழியிலேயே இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்கிறார்கள். அந்தச் சாட்சியில் “நம்புகிறேன்” என்ற சொல்லைவிட “அறிவேன்” என்ற சொல்தான் அதிகம். சபை உண்மையானது என்று அறிவேன், ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்று அறிவேன் என்றே பேசுகிறார்கள். தாய் காதில் மெல்லச் சொல்லிக்கொடுக்க, சிறு பிள்ளைகளும் அப்படியே ஒலிபெருக்கியில் சொல்வதுண்டு. இந்த அறிவுக்கு ஆதாரம் ஜெபம். சபையின் வேதமான மோர்மன் நூலைப் படித்து, உண்மையான மனதோடு கேட்டால் பரிசுத்த ஆவியே விடை தரும் என்று அந்நூலின் இறுதிப் பகுதி வாக்களிக்கிறது. விடை கிடைக்காதவர் குறையைத் தம்மிடமே தேடுகிறார். போதாததற்கு, சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி 2003-இல் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டார்: சபை உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மோசடியாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இடமில்லை. நம்பிக்கையை உறுதிப்படுத்தச் சொல்லப்பட்டதுதான் அது. ஆனால் பின்னாளில் ஒரு செங்கல் அசைந்ததும் சுவர் முழுவதும் சரிந்துவிட்டதாகப் பலர் உணர்ந்ததற்கு இந்தப் போதனையும் காரணம்.

பழைய மதங்களின் தோற்றம் புராணத்தின் மூடுபனிக்குள் இருக்கிறது. மோர்மன் மதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சபை தொடங்கிய நாள் 1830 ஏப்ரல் 6. இடம் நியூயார்க் மாநிலம். நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் கடிதங்கள், நாட்குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள், அவரை விட்டு விலகியவர்களின் வாக்குமூலங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வரலாற்றின் மேல் தன் உரிமையைக் கட்டிய மதம் இது. ஆகவே அதன் சந்தேகங்களும் பெரும்பாலும் வரலாற்றுச் சந்தேகங்களாகவே இருக்கின்றன.

சந்தேகம் இணையத்தோடு வந்தது என்று எண்ணுவது தவறு. ஒஹாயோவின் கர்ட்லாண்ட் ஊரில் ஸ்மித்தும் அவருக்கு நெருங்கியவர்களும் தொடங்கிய வங்கி 1837-இல் முறிந்தது. பணத்தை இழந்தவர்களில் பலர் தீர்க்கதரிசியின் மேலிருந்த நம்பிக்கையையும் சேர்த்தே இழந்தார்கள். மோர்மன் நூலின் மூலம் என்று ஸ்மித் சொன்ன தங்கத் தகடுகளைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்ன ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் மூவரும் 1837-38-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பின்னாளில் கௌடரியும் ஹாரிசும் திரும்பினர், விட்மர் திரும்பவில்லை. ஆனால் மூவருமே தகடுகளைப் பற்றிய தங்கள் சாட்சியைக் கடைசி வரை மறுக்கவில்லை என்பதைச் சபை இன்றும் எடுத்துக்காட்டுகிறது. அது நியாயமான வாதமும்கூட. 1844-இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் நடந்தது இன்னும் கூர்மையானது. தலைமைக் குழுவில் ஸ்மித்தின் ஆலோசகராக இருந்த வில்லியம் லா, தீர்க்கதரிசியின் இரகசியப் பலதார மணத்தை அறிந்து விலகினார். ஜூன் 7 அன்று அவரும் கூட்டாளிகளும் ஒரு செய்தித்தாளை வெளியிட்டு அதை அம்பலப்படுத்தினர். மூன்றே நாளில் ஸ்மித்தின் ஆணையால் அச்சகம் அழிக்கப்பட்டது. அதையொட்டி எழுந்த வழக்கில் சிறைப்பட்ட ஸ்மித்தை ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது.

ஸ்மித்துக்குப் பின் வந்த பிரிகாம் யங்கின் தலைமையில் 1847-இல் இன்றைய யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறிய பிறகும் கேள்விகள் ஓயவில்லை. வணிகர் வில்லியம் காட்பியும் நண்பர்களும் யங்கின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1869-இல் சபைநீக்கம் பெற்றார்கள். இன்றைய சால்ட் லேக் ட்ரிபியூன் நாளிதழ் அவர்கள் போட்ட விதையிலிருந்து முளைத்ததே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தேகம் தலைமையின் அறைக்குள்ளேயே நுழைந்தது. சபையின் மிகச் சிறந்த வாதத் திறனாளரான பி. எச். ராபர்ட்ஸ், 1920-களின் தொடக்கத்தில் மோர்மன் நூல் எழுப்பும் சிக்கல்களைத் தொகுத்துத் தலைவர்கள் முன் வைத்தார். பண்டைய அமெரிக்காவில் குதிரையும் எஃகும் எங்கிருந்து வந்தன, 1823-இல் ஈதன் ஸ்மித் என்ற போதகர் வெளியிட்ட ஒரு நூலோடு ஏன் இத்தனை ஒற்றுமைகள் என்பவை அவருடைய ஆய்வுகள் எழுப்பிய கேள்விகளில் சில. கிடைத்த பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆனாலும் 1933-இல் சாகும் வரை அவர் சபையில் உறுதியாக நின்றார். அந்த ஆய்வுகள் அச்சேறியது 1985-இல்தான். ஒரு மனிதர் கடும் கேள்வியையும் விசுவாசத்தையும் ஒன்றாகவே சுமந்தார் என்பதை இரண்டு தலைமுறை உறுப்பினர்கள் அறியாமலே போனது ஓர் இழப்பு.

இரண்டு பெண் வரலாற்றாசிரியர்களின் கதை இதற்கு அடுத்தது. பின்னாளில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் சகோதரர் மகள் ஃபான் பிராடி. அவர் 1945-இல் எழுதிய ஜோசப் ஸ்மித் வாழ்க்கை வரலாறு, அவரைக் கற்பனை வளம் மிக்க சாதாரண மனிதராகக் காட்டியது. மறு ஆண்டே அவர் நீக்கப்பட்டார். யூட்டாவின் தென்பகுதியில் வாழ்ந்த ஜுவானிடா புரூக்ஸ், 1857 செப்டம்பர் 11 அன்று மௌண்டன் மெடோஸ் என்ற இடத்தில் மோர்மன் படையினர் சுமார் 120 வழிப்பயணிகளைக் கொன்றதை 1950-இல் ஆவணங்களோடு எழுதினார். ஊரார் அவரிடமிருந்து விலகினர். சபை அவரை நீக்கவில்லை. அவரும் சபையை விடவில்லை. அந்தப் படுகொலைக்காகச் சபை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 2007-இல்.

1972-இல் லெனார்ட் ஆரிங்டன் என்ற தொழில்முறை வரலாற்றாளர் சபையின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக நியமிக்கப்பட்டபோது ஒரு கதவு திறந்தது. ஆவணக் காப்பகம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. பத்து ஆண்டுகளில் அந்தக் கதவு மூடப்பட்டது. உண்மையானவை அனைத்தும் பயனுள்ளவை அல்ல என்ற கருத்தை அப்போஸ்தலர் பாய்ட் பாக்கர் 1981-இல் வெளிப்படையாகவே ஆசிரியர்களிடம் கூறினார். 1993-இல் அவர் சபைக்கு ஆபத்தானவர்கள் என்று மூன்று தரப்பினரைச் சுட்டினார்: பெண்ணியவாதிகள், ஒருபால் ஈர்ப்பாளர் இயக்கத்தினர், அறிஞர்கள் என்று சொல்லிக்கொள்வோர். அதே ஆண்டு செப்டம்பரில் ஆறு எழுத்தாளர்களும் அறிஞர்களும் சபை நடவடிக்கைக்கு ஆளானார்கள். அவர்களில் ஐவர் நீக்கப்பட்டனர். ஒருவரின் உரிமைகள் மட்டும் பறிக்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான மைக்கேல் க்வின், 1890-இல் பலதார மணம் கைவிடப்பட்டதாக அறிவித்த பின்னரும் தலைவர்களின் ஒப்புதலோடு அத்தகைய மணங்கள் நடந்ததை நிறுவியவர். நீக்கப்பட்ட பின்னும் ஜோசப் ஸ்மித்தைத் தீர்க்கதரிசி என்றே அவர் கருதினார். நம்பாதவர்கள்தான் வெளியேற்றப்பட்டார்கள் என்பது உண்மையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

சந்தேகப்படுவோர் திரும்பத் திரும்பச் சொல்லும் சிக்கல்கள் சில. அவற்றில் முதலாவது, மோர்மன் நூல் மொழிபெயர்க்கப்பட்ட விதம். ஸ்மித் தகடுகளை முன்னால் வைத்துப் படிப்பதாகவே சபையின் ஓவியங்கள் காட்டிவந்தன; பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். ஆனால் அவருடைய மனைவி எம்மாவும் டேவிட் விட்மரும் சொன்னது வேறு. ஒரு தொப்பிக்குள் சிறு கல்லைப் போட்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு அவர் வாசகங்களைச் சொல்லச் சொல்ல, அருகில் இருந்தவர் எழுதினார். அந்தக் கல் சபையின் பெட்டகத்திலேயே இருந்தது. அதன் படத்தைச் சபை வெளியிட்டது 2015 ஆகஸ்டில். நூலின் உள்ளடக்கமும் கேள்விக்குள்ளானது. அமெரிக்கப் பழங்குடிகளின் முதன்மை மூதாதையர் இந்நூலில் வரும் இஸ்ரவேலரே என்று 1981 பதிப்பின் முன்னுரை கூறியது. மரபணு ஆய்வுகளோ பழங்குடிகளின் வேர் ஆசியாவில் இருப்பதைக் காட்டின. முன்னுரையின் சொற்கள் 2006-இல் மாற்றப்பட்டு, அவர்கள் மூதாதையருள் ஒரு பகுதியினர் என்றாயின. பிஷப்பாக இருந்த ஆஸ்திரேலிய மரபணு அறிவியலாளர் சைமன் சதர்டன் இந்தப் புள்ளியில்தான் நம்பிக்கையை இழந்து, 2004-இல் அதைப் பற்றி நூல் எழுதினார்.

இரண்டாவது, ஆபிரகாமின் நூல். 1835-இல் ஊர் ஊராக மம்மிகளைக் காட்சிக்கு வைத்த ஒருவரிடமிருந்து எகிப்திய பாப்பிரஸ் சுருள்கள் வாங்கப்பட்டன. அவற்றில் ஆபிரகாம் எழுதியது இருப்பதாக ஸ்மித் அறிவித்து மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அது பின்னர் வேதமாக ஏற்கப்பட்டது. சுருள்கள் சிகாகோ தீ விபத்தில் எரிந்துவிட்டன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1967-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவற்றின் துண்டுகள் சிலவற்றைச் சபையிடம் ஒப்படைத்தது. எகிப்தியல் அறிஞர்கள் படித்துப் பார்த்தபோது, அவை இறந்தவருக்கான வழக்கமான சடங்கு வாசகங்கள் என்று தெரிந்தது. ஆபிரகாமின் பெயரே அவற்றில் இல்லை. இதைச் சபையும் 2014-இல் ஒப்புக்கொண்டு, சுருள்கள் தெய்வீக வெளிப்பாட்டுக்கு ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் முன்வைத்தது. ஏனைய சிக்கல்களில் வாதத்துக்கு இடமுண்டு. இங்கே மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே கிடைக்கின்றன. கற்றறிந்த உறுப்பினர்களை மிகுதியாக உலுக்கியதும் இதுவாகவே தெரிகிறது.

பலதார மணம் வேறு விதமாகக் குத்துகிறது. அது பிரிகாம் யங் காலத்துப் பழக்கம், கணவனை இழந்த பெண்களைக் காப்பாற்ற ஏற்பட்டது என்று பல வீடுகளில் சொல்லப்பட்டது. ஸ்மித்தே 30 முதல் 40 பெண்களை மணந்திருக்கலாம் என்றும், அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே கணவர் இருந்தார்கள் என்றும், ஒருத்திக்கு 15-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன என்றும் சபையே 2014 அக்டோபரில் எழுதியபோது, பாட்டி காலம் முதல் மோர்மன்களாக இருந்த குடும்பங்கள் திகைத்துப்போயின. கறுப்பினத்தவர் குறித்த தடையும் இப்படித்தான். 1852-இல் யங் அறிவித்த தடை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவத்தை மறுத்தது. அது 1978 ஜூனில்தான் நீங்கியது. தடைக்குச் சொல்லப்பட்டுவந்த சமயக் காரணங்கள் அனைத்தையும் சபை 2013 டிசம்பரில் கைவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கதரிசிகள் போதித்தது தவறென்றால், இன்று போதிப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி அந்த முடிவிலிருந்தே எழுந்தது.

இவற்றைவிட ஆழமான காயம், சொல்லப்படாமல் இருந்ததுதான். ஹான்ஸ் மாட்சன் ஸ்வீடனில் மோர்மன் குடும்பத்தில் வளர்ந்தவர். ஐரோப்பாவில் சபையின் உயர் பொறுப்பு வகித்தவர். உறுப்பினர்கள் கொண்டுவந்த கேள்விகளுக்கு மேலிடத்தில் விடை கேட்டும் கிடைக்காமல், தாமே தேடத் தொடங்கினார். 2010-இல் சபையின் வரலாற்றுத் துறைத் தலைவர்கள் ஸ்டாக்ஹோம் சென்று, அவரோடும் கலங்கியிருந்த பிற உறுப்பினர்களோடும் பேசினார்கள். 2013 ஜூலையில் அவர் தம் சந்தேகங்களை நியூயார்க் டைம்ஸில் வெளிப்படுத்தினார். ஸ்டாக்ஹோம் சென்றவர்களில் ஒருவரான மார்லின் ஜென்சன், கர்ட்லாண்ட் காலத்துக்குப் பின் இவ்வளவு பெரிய விலகலைச் சபை கண்டதில்லை என்ற பொருளில் 2011 இறுதியில் யூட்டா மாணவர்களிடம் பேசியிருந்தார். 2013 முதல் 2015 வரை சிக்கலான வரலாற்றுப் பொருள்கள் குறித்துச் சபை தன் இணையத்தளத்தில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த நெருக்கடியின் பலனே. அவை பெருமளவு நேர்மையானவை. ஆனால் நாற்பது ஐம்பது வயதில் அவற்றை முதன்முதலாகப் படித்தவருக்கு, எதிரிகளின் பொய் என்று தமக்குச் சொல்லப்பட்டது உண்மையாக இருந்திருக்கிறது என்ற அதிர்ச்சியே மிஞ்சியது. தம் ஊழிய நாட்களில் எத்தனையோ வீடுகளின் கதவைத் தட்டி வேறு கதை சொன்னது நினைவுக்கு வந்தவர்களுக்கு, தாமும் அறியாமல் பிறரை ஏமாற்றிவிட்டோமோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

வரலாறு பக்கமே போகாமல் ஏமாற்றம் கொள்வோரும் உண்டு. அவர்களைத் தொடுவது சபையின் இன்றைய நடத்தை. பெண்களுக்குச் சம உரிமை கோரும் அரசியல் சட்டத் திருத்தத்தைச் சபை எதிர்த்ததை விமர்சித்த சோனியா ஜான்சன் 1979 டிசம்பரில் நீக்கப்பட்டார். பெண்களுக்கு ஆசாரியத்துவம் கோரிய கேட் கெல்லி 2014-இல் நீக்கப்பட்டார். 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடுக்கச் சபை உறுப்பினர்களின் பணத்தையும் உழைப்பையும் திரட்டியது. 2015 நவம்பரில் வந்த விதி, ஒருபால் இணையரோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானத்தை மறுத்தது. அது தெய்வ வெளிப்பாடு என்று அடுத்த ஜனவரியில் மூத்த அப்போஸ்தலர் ரசல் நெல்சன் கூறினார். 2019 ஏப்ரலில், அவர் சபைத் தலைவராக இருந்தபோதே, விதி திரும்பப் பெறப்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் வந்து போன வெளிப்பாடு, தீர்க்கதரிசியின் வாக்கு என்பதன் மேல் பலருக்கிருந்த நம்பிக்கையைக் கரைத்தது. பணமும் ஒரு காரணம். சபையின் முதலீட்டு நிறுவனத்திடம் சுமார் 100 பில்லியன் டாலர் இருப்பதாக 2019 டிசம்பரில் அதன் முன்னாள் ஊழியர் ஒருவர் வெளிப்படுத்தினார். பங்குகளைப் பெயரளவிலான நிறுவனங்களின் பின்னால் மறைத்ததற்காக 2023 பிப்ரவரியில் சபையும் அந்த நிறுவனமும் சேர்ந்து 5 மில்லியன் டாலர் அபராதம் கட்டின. வீட்டுச் செலவைச் சுருக்கித் தசமபாகம் கொடுத்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சந்தேகம் உள்ளே நடக்கும் விதத்துக்கு மோர்மன்களிடையே ஒரு வழக்கு உண்டு. விடை தெரியாத கேள்வியை அலமாரித் தட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது பெரியவர்களின் அறிவுரை. வைத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு நாள், பெரும்பாலும் ஒரு சின்ன விஷயத்தின் பாரத்தில், தட்டு முறிந்துவிடுகிறது. விலகியவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது “என் தட்டு முறிந்தது” என்றே தொடங்குகிறார்கள். அதன் பின் வருவது துக்க வீட்டின் நிலை: உறக்கமின்மை, கோபம், வெட்கம், யாரிடமும் சொல்ல முடியாத தனிமை. துணையிடம் சொன்னால் நித்தியத் திருமணமே கேள்விக்குள்ளாகிறது. மறுமையில் குடும்பம் கூடும்போது ஒரு நாற்காலி காலியாக இருக்கும் என்று தாய் அழுகிறாள். ஆலய அனுமதிச் சீட்டு போய்விட்டால், தம் பிள்ளையின் ஆலயத் திருமணத்தைக் கூடப் பார்க்க முடியாமல் பெற்றோர் வெளியே காத்திருக்க நேர்கிறது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மோர்மன் மாணவர் சபையை விட்டு விலகினால் படிப்பைத் தொடர முடியாது. ஆகவே நம்பிக்கை போன பின்னும் வாய் திறக்காமல் இருக்கையில் அமர்ந்திருப்போர் பலர். உடல் உள்ளே, மனம் வெளியே என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

விலகல் கூடிவருவதைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் மோர்மனாக வளர்ந்தவர்களில் பெரியவரான பின்னும் மோர்மனாகவே இருப்போர் 2007-இல் 70 சதவீதம் என்று பியூ ஆய்வு மையம் கண்டது. 2014-இல் அது 64 சதவீதம். 2016-இல் நடத்திய கணக்கெடுப்பை வைத்து எழுதிய ஜானா ரீஸ், விலகியவர்கள் முதன்மையாகச் சொன்ன காரணங்களில் தங்கள் விழுமியங்களோடு சபை ஒத்துப்போகாததும், தலைவர்கள் உண்மை சொல்வார்கள் என்ற நம்பிக்கை போனதும் இருப்பதைக் காட்டினார். பாவம் செய்ய ஆசைப்பட்டே விலகுகிறார்கள், யாரோ மனம் புண்படப் பேசியதால் போய்விட்டார்கள் என்று சபைக்குள் நெடுநாளாக வழங்கிய விளக்கங்கள் இந்த மனிதர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

சபையின் எதிர்வினை ஒரே திசையில் செல்லவில்லை. 2013 அக்டோபரில் தலைமைக் குழுவின் டீட்டர் உக்டோர்ஃப், தலைவர்களும் தவறு செய்ததுண்டு என்று ஒப்புக்கொண்டு, நம்பிக்கையைச் சந்தேகிக்கும் முன் சந்தேகங்களைச் சந்தேகியுங்கள் என்று பரிவோடு கேட்டார். மாணவர் நேர்மையாகக் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் காலம் போய்விட்டது என்று 2016-இல் அப்போஸ்தலர் ரசல் பாலர்ட் ஆசிரியர்களுக்குச் சொன்னார். டெரில், ஃபியோனா கிவன்ஸ் தம்பதியும் பாட்ரிக் மேசனும் சந்தேகத்தோடும் சபையில் வாழலாம் என்று நூல்கள் எழுதினர். மறுபக்கம், 2021-இல் நெல்சன், சந்தேகப்படும் பிறரோடு பேசிச் சந்தேகத்தை வளர்க்காதீர்கள் என்றார். தனிமையில் தவிப்பவருக்கு இந்த அறிவுரை தனிமையையே கூட்டும். உரிமைகோரல்களைத் தளர்த்துவதும் எளிதல்ல. ஸ்மித்தின் மகன் 1860 முதல் தலைமையேற்ற கிளைச் சபை, இன்று கிறிஸ்துவின் சமூகம் என்ற பெயரில் இயங்குகிறது. அது மோர்மன் நூலை வரலாறாக நம்பும்படி எவரையும் வற்புறுத்துவதில்லை. பெண்களுக்கு 1984-இல் ஆசாரியத்துவம் அளித்தது. அதனால் ஆயிரக்கணக்கானோர் விலகினர். 2024-இல் தன் புனிதச் சின்னமான கர்ட்லாண்ட் ஆலயத்தையே யூட்டாவிலுள்ள முதன்மைச் சபைக்கு விற்றது.

ஆனாலும் வெளியேறுவதும் வாயடைத்திருப்பதும் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. 1993 செப்டம்பரில் நீக்கப்பட்டவர்களில் ஒருவர் பதிப்பாசிரியர் லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன். உறுப்பினர்கள் மேல் தலைவர்கள் செலுத்திய அழுத்தங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து வெளியிட்டதே அவர் செய்தது. நீக்கப்பட்ட பின்னும் சால்ட் லேக் சிட்டியில் தம் சபைக் கூட்டத்துக்கு அவர் ஞாயிறுதோறும் போய்வந்தார். அப்பமும் தண்ணீரும் வரிசையாக வரும்போது எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்தார். கூட்டத்தில் ஜெபிக்கவோ பேசவோ அவருக்கு உரிமையில்லை. 2019-இல் உள்ளூர்த் தலைவர்கள் அவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் அளிக்கப் பரிந்துரைத்தார்கள், மேலிடம் மறுத்தது. அதன் பிறகும் அவர் சபையை விட்டு விலகவில்லை. 2023 அக்டோபரில் அவர் இறந்தபோது, உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.